ஃப்ளாஷ் டிரைவரில் பைட் வரிசை: 64 கேபி வரை சரி, அப்புறம் ஏன் குளறுபடி?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். அமெரிக்க பையர் அனுப்பிய ஆர்டரில் டெலிவரி தேதி 05/06 என்று இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஜூன் 5. அவர் கணக்கில் மே 6. ஒரு மாதம் முன்பே சரக்கு ஏறியிருக்க வேண்டும். இதைவிட ஆபத்தானது 06/06. தப்பான முறையில் படித்தாலும் விடை சரியாக வந்துவிடும். படித்தவருக்குத் தன் முறை தப்பென்று தெரியவே தெரியாது. அடுத்த ஆர்டரில்தான் மாட்டுவார்.

ஃப்ளாஷ் மெமரி டிரைவரில் (கரன்ட் போனாலும் டேட்டாவை மறக்காத ஃப்ளாஷ் சிப்பில் எழுதிப் படிக்கும் மென்பொருள்) பைட் வரிசைக் கோளாறு என்பது இதே கதைதான். 05/06 வகைப் பிழை உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். 06/06 வகைப் பிழை மேஜையில் நடக்கும் சோதனைகளை எல்லாம் தாண்டி, போர்டைக் கிணற்று மேட்டில் மாட்டிய பிறகு வெளியே வரும்.

முதலில் அடிப்படை. மெமரியில் ஒவ்வொரு முகவரியிலும் ஒரு பைட்தான் இருக்கும். 255-ஐத் தாண்டிய எண்ணுக்கு ஒரு பைட் போதாது, இரண்டோ நான்கோ வேண்டும். அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது? 12 34 56 78 என்ற நான்கு பைட் எண்ணைப் பெரிய முனையிலிருந்து அப்படியே அடுக்கினால் பிக் எண்டியன். சின்ன முனையிலிருந்து 78 56 34 12 என்று அடுக்கினால் லிட்டில் எண்டியன். (இந்தக் கட்டுரையில் பைட் பைட்டாகப் பிரித்து எழுதியவையும், சிப்புக்கு அனுப்பும் ஒரு பைட் கட்டளைகளும் ஹெக்ஸ், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்கள். மற்றவை சாதாரண எண்கள்.) 1980 ஏப்ரல் 1 அன்று டேனி கோஹன் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து இந்தப் பெயர்கள் கணினி உலகில் பரவின. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சின்ன முனையிலா என்று கலிவர் கதையில் வரும் சண்டையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இன்றும் அதே அளவு மதிப்புதான்.

கோவையில் மோட்டார் ஸ்டார்ட்டர், தறிக்கான கன்ட்ரோலர், எடைமேடை என்று போர்டு செய்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் கோர்டெக்ஸ்-எம் வகை சிப் அல்லது ஈஎஸ்பி32. நடைமுறையில் இவை லிட்டில் எண்டியன். பழைய பவர்பிசி போர்டுகளும், ரவுட்டர்களில் இருக்கும் சில மிப்ஸ் சிப்களும் பிக் எண்டியன். ஃப்ளாஷ் சிப்புக்கு வரிசை பற்றிய கருத்தே கிடையாது. கொடுத்த பைட்டை வைத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். ஆனால் "எங்கே வைப்பது" என்று அதற்குச் சொல்லும் முகவரிக்கு மட்டும் கறாரான வரிசை உண்டு. பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முகவரி தலைகீழாகப் போனால்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். போர்வெல் மோட்டாருக்கான கன்ட்ரோலர் போர்டு. அதில் 4 எம்பி எஸ்பிஐ நார் ஃப்ளாஷ் (சில வயர்களில் பிட் பிட்டாகப் பேசும் ஃப்ளாஷ் சிப்). முதல் செக்டாரில் (ஒரே தடவையில் அழியும் துண்டு, இங்கே 4 கேபி) செட்டிங்: எத்தனை ஆம்பியரில் ட்ரிப் ஆக வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் எத்தனை விநாடியில் நிற்க வேண்டும், எந்த செல்போன் எண்ணுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். 64 கேபியிலிருந்து லாக்: எப்போது ஓடியது, எப்போது நின்றது, ஒவ்வொன்றும் 32 பைட் பதிவு.

இந்தச் சிப்பைப் படிக்க 03 என்ற கட்டளையை அனுப்பி, தொடர்ந்து மூன்று பைட் முகவரி அனுப்ப வேண்டும். பெரிய பைட் முதலில். எழுத 02, 4 கேபி செக்டாரை அழிக்க 20. இரண்டுக்கும் முன்னால் 06 அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் முகவரி வரிசை ஒன்றே.

புதிதாக டிரைவர் எழுதுபவர் என்ன செய்வார்? முகவரியை 32 பிட் மாறியில் வைத்திருப்பார். அதன் முதல் மூன்று பைட்டை மெம்காப்பி செய்து (மெமரியில் இருக்கும் வரிசையிலேயே நகலெடுத்து) அனுப்பிவிடுவார். லிட்டில் எண்டியன் சிப்பில் மெமரியில் முதலில் இருப்பது சின்ன பைட். ஆகவே முகவரி தலைகீழாகப் போகும். சரி, அப்படியானால் உடனே சொதப்ப வேண்டுமே? சொதப்பாது.

முதல் செக்டாரின் முகவரி 00 00 00. திருப்பிப் போட்டாலும் அதே. இரண்டாவது செக்டார் 00 10 00. அதுவும் அதே. ஒரு பேஜ் 256 பைட். 64 கேபிக்குள் எந்தப் பேஜின் தொடக்கத்தை எடுத்தாலும் இரண்டு பக்கமும் 00, நடுவில் மட்டும் எண். "விகடகவி" மாதிரி, எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான். செட்டிங்கை எழுதினால் சரியாக வரும், அழித்தால் சரியாக அழியும். மேஜைச் சோதனை பாஸ்.

இப்போது லாக் தொடங்குகிறது. 64 கேபியின் முகவரி 01 00 00. சிப்புக்குப் போய்ச் சேர்வது 00 00 01. அழிக்கும் கட்டளைக்கு செக்டாருக்குள் எந்த முகவரியைக் கொடுத்தாலும் முழு செக்டாரும் போய்விடும். முகவரி 1 இருப்பது முதல் செக்டாரில். ஆக, லாக்குக்கு இடம் சுத்தம் செய்யப் போன டிரைவர் செட்டிங்கைத் துடைத்துவிட்டது.

அடுத்து முதல் லாக் பதிவை எழுதுகிறது. 32 பைட்டும் முகவரி 1-லிருந்து உட்காரும். திரும்பப் படிக்கும்போதும் அதே தலைகீழ் முகவரிதான் போகும், ஆகவே சரியாகப் படிக்கும். எழுதியதைச் சரிபார்க்கும் சோதனையும் பாஸ்! இரண்டாவது பதிவின் முகவரி 01 00 20. சிப்புக்குப் போவது 20 00 01, அதாவது 2 எம்பிக்கு ஒரு பைட் தள்ளி. அங்கே காலியாக இருந்தால் அதுவும் சரியாகவே படிக்கும். மூன்றாவது 01 00 40. போவது 40 00 01. அது 4 எம்பிக்கு வெளியே. இந்த அளவு சிப்களில் பல, தம் எல்லைக்கு மேற்பட்ட முகவரி பிட்டைக் கண்டுகொள்ளாது. மறுபடியும் முகவரி 1-க்கே வந்துவிடும். முதல் பதிவின் மேலேயே மூன்றாவது பதிவு.

ஃப்ளாஷில் எழுதுவது என்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-வை 1 ஆக்க அழித்தே ஆக வேண்டும். ஆகவே ஒன்றின் மேல் ஒன்று எழுதினால் இரண்டிலும் 1 ஆக இருந்த பிட்கள் மட்டும் மிஞ்சும். மூன்றாவது பதிவு குப்பையாகத் தெரியும், முதல் பதிவும் அதே குப்பையாக மாறியிருக்கும். இந்தக் கட்டத்தில் பலரும் "சிப் போலி, மாத்தணும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிப் மேல் ஒரு குற்றமும் இல்லை.

32 பைட்டுக்குப் பதில் முழுப் பேஜ், அதாவது 256 பைட்டாக எழுதினால் இன்னொரு விசித்திரம் நடக்கும். முகவரி 1-லிருந்து 256 பைட் எழுதும்போது கடைசி பைட் பேஜின் எல்லையைத் தாண்டுகிறது. எழுதும் கட்டளை அடுத்த பேஜுக்குப் போகாது. அதே பேஜின் தொடக்கத்துக்குத் திரும்பும். கடைசி பைட் முகவரி 0-வில் உட்காரும். படிக்கும் கட்டளைக்கு இந்தத் திரும்பல் கிடையாது, நேராக அடுத்த பேஜுக்குள் போகும். விளைவு: 255 பைட் கச்சிதம், கடைசி ஒன்று மட்டும் எஃப்எஃப். இந்த அறிகுறியைக் கண்டால் லூப்பில் ஒன்று கூட்ட மறந்தோமா என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் முகவரி வரிசையைப் பாருங்கள்.

திருத்தம் சின்னது:

அனுப்பு[0] = 3;
அனுப்பு[1] = (முகவரி >> 16) & 255;
அனுப்பு[2] = (முகவரி >> 8) & 255;
அனுப்பு[3] = முகவரி & 255;

(மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் ஜிசிசி 10 முதல் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.) ஷிஃப்ட் என்பது எண்ணின் மேல் நடக்கும் கணக்கு, மெமரியில் பைட் எப்படி அடுக்கியிருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. அதனால் இந்த நான்கு வரி எந்தப் பிராசஸரிலும் ஒரே பைட்டைத்தான் அனுப்பும். கோர்டெக்ஸில் பைட்டைத் திருப்ப ரெவ் என்று ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டு மெம்காப்பி செய்யலாமே என்று தோன்றும். 32 பிட் முகவரியைத் திருப்பினால் முதல் பைட் எப்போதும் 00. முதல் மூன்றை எடுத்தால் 01 00 00 என்பது 00 01 00 ஆகப் போகும். ஒரு தப்பு போய் இன்னொரு தப்பு. மூன்று பைட் முகவரிக்கு ஷிஃப்ட்டே நல்லது.

ஜோடி ஜோடியாகப் புரளும் டேட்டா

முகவரி சரி. டேட்டா மட்டும் புரண்டு வருகிறதா? வேகத்துக்காக யாரோ எஸ்பிஐயை 16 பிட் அகலத்துக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது டிஎம்ஏவை (பிராசஸர் தலையிடாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி). மெமரியில் 12 34 என்று இருப்பதை லிட்டில் எண்டியன் சிப் 16 பிட் எண்ணாக எடுத்தால் அது 34 12. எஸ்பிஐ பெரிய பிட்டிலிருந்து அனுப்புவதால் வயரில் முதலில் 34 போகும். ஒவ்வொரு ஜோடியும் புரளும். எழுதுவதும் படிப்பதும் ஒரே முறையில் நடந்தால் இந்தப் புரளல் கண்ணுக்கே தெரியாது. தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிடும். ஆனால் அசெம்பிளியில் புரோகிராமர் வைத்து முன்கூட்டியே ஏற்றிய சிப்பைப் போர்டில் வைத்தால் மட்டும் குப்பையாக வரும். "நம்ம போர்டுல எழுதினா வருது, புரோகிராமர்ல ஏத்தினா வர்றதில்லீங்க" என்று ஒருவர் சொன்னால், புரோகிராமரைக் குறை சொல்லும் முன் பஸ் அகலத்தைக் கேளுங்கள்.

எஸ்டிஎம்32 (ஒரு கோர்டெக்ஸ்-எம் சிப்) வகைகளில் எஸ்பிஐக்கு ஃபைஃபோ (பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) உள்ளவற்றில் இதற்கு ஒரு தம்பி உண்டு. அகலத்தை 8 பிட் என்றே வைத்திருந்தாலும், டேட்டா ரிஜிஸ்டரில் 16 பிட்டாக எழுதினால் இரண்டு பைட் போகும். ஒரு பைட் கட்டளை அனுப்பச் சொன்னால் கூடவே ஒரு 00 ஒட்டிக்கொள்ளும். ரிஜிஸ்டரை 8 பிட் பாயின்டராக மாற்றி எழுதினால் தீரும்.

எந்த விதமாகப் புரண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. திருப்பூர் எஸ்டிடி குறியீடு 0421-ஐ நான்கு எழுத்தாக, அதாவது 30 34 32 31 என்ற நான்கு பைட்டாக, ஃப்ளாஷின் ஒரு மூலையில் டிரைவர் வழியாக எழுதுங்கள். பிறகு சிஎச்341ஏ போன்ற வெளி ரீடரில் அதே இடத்தைப் படியுங்கள். 0421 என்றே வந்தால் சரி. 4012 என்று வந்தால் ஜோடிக்குள் புரண்டிருக்கிறது, 16 பிட் சமாச்சாரம். 1240 என்றால் 32 பிட் முழுதாகத் திரும்பியிருக்கிறது. 2104 என்றால் ஜோடிகள் சரி, ஆனால் முன்பின் மாறியிருக்கின்றன. 32 பிட்டை இரண்டு 16 பிட்டாக உடைத்து அனுப்பும் இடத்தைத் தேடுங்கள். நான்கு இலக்கமும் வேறு வேறாக இருப்பதால்தான் இது வேலை செய்கிறது. 0440 திருப்பினாலும் மாறாது. 0404-இல் ஜோடி இடம் மாறினால் தெரியாது. ஒரே பைட்டைத் திரும்பத் திரும்ப எழுதிச் சோதிப்பதும் இதே காரணத்தால் வீண். அழித்த ஃப்ளாஷ் முழுக்க எஃப்எஃப். அதை எப்படிப் புரட்டினாலும் எஃப்எஃப்தான்.

பழைய 16 பிட் பேரலல் நார் சிப்களில், போர்டு போட்டவர் டேட்டா லைன்களையே பைட் மாற்றி இணைத்திருந்தால், டேட்டா சமாளித்துவிடும், கட்டளை சமாளிக்காது. சிப் தன்னைப் பற்றிச் சொல்ல 98 என்று கேட்க வேண்டும். 00 98 என்று அனுப்பியது 98 00 ஆகப் போனால் சிப் வாயே திறக்காது. சரியாகப் போனால் 51 52 59 என்று பதில் வரும். லினக்ஸில் இப்படிப்பட்ட போர்டுகளுக்கென்றே ஃப்ளாஷைக் கையாளும் எம்டிடி பகுதியில் பைட் மாற்றும் ஆப்ஷன் இருக்கிறது.

எழுதிய எண்ணே தப்பாகப் படிக்கப்பட்டால்

முகவரி, பஸ் இரண்டும் சரியாக இருந்தும் எண் தப்பலாம். ட்ரிப் ஆம்பியர் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட்டில் 00 0சி. கம்ப்யூட்டரில் செட்டிங் தயாரிக்கும் மென்பொருள் பிக் எண்டியனாக எழுத, போர்டு லிட்டில் எண்டியனாகப் படித்தால் 0சி 00, அதாவது 3072 ஆம்பியர். மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் ட்ரிப் ஆகாது. காயில் கருகி, ரீவைண்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் தெரியும். 1000 மணி நேரம் ஓடிய கணக்கு 59,395 என்று காட்டும். 1 என்பது 256 ஆகும். 32 பிட்டில் 1,67,77,216 ஆகும். சம்பந்தமே இல்லாமல் 256-இன் மடங்காக எண்கள் வந்தால் சந்தேகம் பைட் வரிசையின் மேல் விழ வேண்டும்.

காரணம், ஸ்ட்ரக்டை (பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) அப்படியே ஃப்ளாஷில் கொட்டுவது. அதில் வரிசை மட்டுமல்ல, கம்பைலர் இடையில் சொருகும் காலி பைட்டுகளும் சேர்ந்து போகும். கம்பைலரிடம் பேக்டு என்று போட்டால் காலி பைட் நீங்கும், வரிசை அப்படியேதான் இருக்கும். பஃபரில் ஏதோ ஓர் இடத்தை 32 பிட் பாயின்டராக மாற்றிப் படிப்பதும் வேண்டாம். நான்கின் மடங்கில் இல்லாத முகவரியானால் கோர்டெக்ஸ்-எம்0 ஹார்டு ஃபால்ட் என்ற பிழை நிலையில் போய் நிற்கும்.

செய்ய வேண்டியது: ஃப்ளாஷில் எந்த பைட் எங்கே என்று முதலில் தாளில் எழுதுங்கள். லிட்டிலோ பிக்கோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போர்டு, கம்ப்யூட்டர் இரண்டும் லிட்டில் என்றால் லிட்டிலே சுலபம். பிறகு எடுக்க ஒரு ஃபங்ஷன், வைக்க ஒரு ஃபங்ஷன். எடுப்பது இப்படி:

மதிப்பு = படி[0] | (படி[1] << 8) | (படி[2] << 16) | (படி[3] << 24);

இதில் ஒரு கண்ணி. 8 பிட் ஏவிஆர் சிப்பில் சாதாரண இன்ட் 16 பிட்தான்; அதை 16 இடம் நகர்த்தினால் என்ன வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. 32 பிட் சிப்பிலும் கடைசி 24 நகர்த்தல் குறியிட்ட எண்ணின் தலைப் பிட்டைத் தொடும். ஒவ்வொரு பைட்டையும் முதலில் குறியில்லா 32 பிட்டாக மாற்றிவிட்டு நகர்த்துங்கள். டிரைவருக்குள் நுழைந்த எண் வெறும் எண். வெளியே போவது வெறும் பைட். நடுவில் எங்கும் "ஒரு ஸ்வாப் போட்டுப் பார்ப்போம்" என்று போடாதீர்கள். இரண்டு ஸ்வாப் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியாக வந்துவிடும்; அடுத்த வருடம் வேறொருவர் அதில் ஒன்றை "தேவையில்லை" என்று எடுப்பார்.

சிஆர்சியையும் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பைட் வரிசையின் மேல்தான் போட வேண்டும், ஸ்ட்ரக்டின் மேல் அல்ல. எஸ்டிஎம்32எஃப்1-இல் உள்ள ஹார்டுவேர் சிஆர்சி 32 பிட் 32 பிட்டாகத்தான் விழுங்கும், பிட்டைத் திருப்பவும் செய்யாது; கம்ப்யூட்டரில் ஜிப் கோப்புக்குப் போடும் சிஆர்சியோடு அது ஒத்துப்போகாமல் இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

லினக்ஸ் ஓடும் போர்டு என்றால் ஃபைல் சிஸ்டத்துக்கும் வரிசை உண்டு. ஃப்ளாஷுக்கான ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண் 19 85. பூட் ஆகும்போது 19 85 காணோம், 85 19 இருக்கிறது என்று புலம்பினால் டிரைவரைத் தொடாதீர்கள். இமேஜ் செய்யும்போது லிட்டிலுக்குப் பதில் பிக், அல்லது மாற்றி, ஆப்ஷன் கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ளாஷ் இடத்தை நிர்வகிக்கும் யூபிஐ என்ற அடுக்கின் தலைப்புகள் எப்போதும் பிக் எண்டியன், அதன் மேல் உட்காரும் யூபிஐஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் எப்போதும் லிட்டில் எண்டியன். ஒரே சிப்பில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பார்த்து ஏதோ புரண்டுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. போர்டை பூட் செய்யும் மென்பொருளான யூ-பூட்டின் பழைய வகை இமேஜின் தொடக்கம் 27 05 19 56. ஃப்ளாஷைப் படித்தால் இதே வரிசையில் தெரிய வேண்டும்.

சோதனையில் ஒரே விதி: போர்டு எழுதியதைப் போர்டே படித்துப் பாஸ் போட்டுக்கொள்ளக் கூடாது. முகவரி 01 23 45-இல் படிக்கச் சொல்லிவிட்டு லாஜிக் அனலைசரில் (வயரில் போகும் பிட்களைக் காட்டும் கருவி) பாருங்கள். 03 01 23 45 என்று போக வேண்டும். எடுக்கும், வைக்கும் ஃபங்ஷன்களைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், ஆனால் அதுவும் லிட்டில் எண்டியன்தான். வந்த பைட்டுகளைத் தாளில் எழுதிய பைட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடாவிட்டால் பயனில்லை.

ஏற்கெனவே தோட்டங்களுக்குப் போய்விட்ட போர்டுகளில் செட்டிங்கின் வரிசையை மாற்ற வேண்டியிருந்தால், புதிய ஃபர்ம்வேரை ஏற்றினால் மட்டும் போதாது. பழைய வரிசையில் எழுதிய 12-ஐ அது 3072 என்று படிக்கும். புதிய தொகுதியின் தொடக்கத்தில் ஒரே ஒரு பைட்டில் பதிப்பு எண் வையுங்கள்; ஒரு பைட்டுக்கு முன்பின் கிடையாது. பழைய செட்டிங்கைப் பழைய முறையில் படித்து, வேறொரு செக்டாரை அழித்து, முதலில் டேட்டா, பிறகு சிஆர்சி, பதிப்பு எண்ணைக் கடைசியில் எழுதுங்கள். நடுவில் த்ரீ பேஸ் போய்விட்டால் பதிப்பு பைட் எஃப்எஃப் ஆகவே நிற்கும். அடுத்த முறை கரன்ட் வந்ததும் அந்த செக்டாரை மறுபடி அழித்து, முதலிலிருந்து செய்யலாம். பழைய செக்டாரை இந்தப் பதிப்பில் அழிக்காதீர்கள். ஏதோ காரணத்தால் எலக்ட்ரீஷியன் பழைய ஃபர்ம்வேரையே திரும்ப ஏற்றினால், அது தன் பழைய இடத்தில் தன் பழைய வரிசையில் 12-ஐயே பார்க்கும். அடுத்த பதிப்பு வந்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.